லாகின் மூடியாச்சு, கதவு? ஆன்கார்டை ஐடென்டிட்டிஐக்யூவோடு இணைக்கும் வழிகள்

வேலையை விட்டு அனுப்பப்பட்டவரின் லாகின் பத்து நிமிடத்தில் முடங்கிவிடும். அவர் சட்டைப்பையில் இருக்கும் பேட்ஜ் மறுநாளும் கதவைத் திறக்கும். சாதாரண அலுவலகத்தில் இது தலைகுனிவோடு போய்விடும். வட அமெரிக்க மின் நிறுவனங்களில் போகாது. அங்கே முக்கியக் கட்டுப்பாட்டு மையங்களுக்கும் துணைமின் நிலையங்களுக்கும், மின்கட்டமைப்பின் நம்பகத்தன்மைக்கு விதி வகுக்கும் அமைப்பான நெர்க்கின் சிஐபி-004 என்ற பாதுகாப்புத் தரநிலை பொருந்தும். பணிநீக்க நடவடிக்கையிலிருந்து 24 மணி நேரத்துக்குள், துணையாள் இல்லாமல் அவர் உள்ளே நுழையும் வழியை அடைத்துவிட வேண்டும் என்கிறது அது. கதவு அனுமதிகளை ஆளும் மென்பொருளான லெனல் ஆன்கார்டை, யாருக்கு எந்த உரிமை என்று நிர்வகிக்கும் செயில்பாயின்ட் ஐடென்டிட்டிஐக்யூவோடு இணைக்க எந்த வழி நல்லது என்ற கேள்விக்கு இந்த 24 மணி நேரம்தான் உரைகல்.

மலிவான வழி சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த சாதாரண உரைக்கோப்பு. இரவில் ஆன்கார்டிலிருந்து ஒரு கோப்பு வெளியே வரும், இன்னொரு கோப்பு டேட்டாஎக்ஸ்சேஞ்ச் என்ற ஆன்கார்டின் இறக்குமதிக் கருவி வழியாக உள்ளே போகும். காலை 9 மணிக்கு ஒருவரை நீக்கி, இறக்குமதி மறுநாள் அதிகாலை 4 மணிக்கு ஓடினால் 19 மணி நேரம், தப்பித்தோம். அன்று ஒரு முறை ஜாப், அதாவது தானாக ஓடும் அந்த இறக்குமதி, விழுந்தால் 43 மணி நேரம். சனிக்கிழமை விழுந்த ஜாபைத் திங்கள்வரை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்பு பாதியில் அறுந்து வந்தால் இன்னொரு வினை: மீதிப்பேர் எல்லாம் நீக்கப்பட்டதாக ஐடென்டிட்டிஐக்யூ நினைத்துக்கொள்ளும். அக்ரிகேஷனில், அதாவது ஐடென்டிட்டிஐக்யூ கணக்குப் பட்டியலை இழுத்துக்கொள்ளும் ஓட்டத்தில், நீக்கத்தைக் கண்டறியும் வசதியைப் போட்டால், அதற்கான உச்ச எண்ணிக்கையையும் கட்டாயம் போடுங்கள். நடுவில் யாராவது கோப்பை எக்செலில் திறந்து சேமித்தால் 004512 என்ற பணியாளர் எண் 4512 ஆகி, ஆளே பொருந்தாமல் போவார்.

இரண்டாவது, ஆன்கார்டின் எஸ்கியூஎல் டேட்டாபேஸையே நேராகத் தொடுவது. படிக்க இது அருமை: ஆள், பேட்ஜ், அனுமதி இவற்றைச் சேர்த்துக் காட்டும் ஒரு வியூ எழுதி, படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கு கொடுத்தால், டேட்டாபேஸோடு பேசும் ஜேடிபிசி கனெக்டர் சில நிமிடத்தில் அள்ளிக்கொண்டு வரும். யாருக்கெல்லாம் நுழையும் உரிமை இருக்கிறது, அதற்கு ஒப்புதல் பதிவு இருக்கிறதா என்று காலாண்டுதோறும் சரிபார்க்க இதுவே போதும். எழுதுவதற்கு மட்டும் வேண்டாம், எவ்வளவு அவசரமானாலும். அட்டவணையில் பேட்ஜ் நிலையை மாற்றினால் அந்தச் செய்தி கதவை இயக்கும் கன்ட்ரோலருக்குப் போகாது. திரையில் முடக்கம் என்றிருக்கும்; கதவு திறக்கும். இதைவிட மோசமான நிலை கிடையாது, ஏனென்றால் அறிக்கையும் சுத்தமாக இருக்கும்.

மூன்றாவது, ஓப்பன்அக்சஸ்: வேறு மென்பொருள் ஆன்கார்டுக்குக் கட்டளையிடும் ரெஸ்ட் ஏபிஐ. நீக்கும் வேலைக்கு அதுதான் சரி. ஐடென்டிட்டிஐக்யூவின் வெப் சர்வீசஸ் கனெக்டர் அதோடு பேசும். தனி லைசென்ஸ் வேண்டும், அதை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள். படிகள் மூன்று: பணியாளர் எண்ணை வைத்து ஆளைத் தேடு, அவர் பெயரில் உள்ள எல்லா பேட்ஜையும் எடு, ஒவ்வொன்றின் நிலையையும் மாற்று. "எல்லா" என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பேட்ஜை வீட்டில் மறந்து வந்தவருக்கு வரவேற்பில் கொடுத்த தற்காலிக பேட்ஜும் அவர் பெயரில்தான் இருக்கும். முதல் பேட்ஜை மட்டும் முடக்கினால் அது உயிரோடு நிற்கும்.

ஆன்கார்டில் அனுமதி ஆளோடு ஒட்டாது, பேட்ஜோடு ஒட்டும். பேட்ஜைத் தொலைத்தவருக்குப் புதியது கொடுத்ததும் பழைய அனுமதிகளை அதற்கும் கொடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் பேட்ஜைக் கணக்காக வைத்து வடிவமைத்திருந்தால், ஒவ்வொரு தொலைந்த பேட்ஜும் ஒரு புதுக் கணக்காக முளைத்து, மேலாளரின் சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பும். ஆளைக் கணக்காகவும் அனுமதியை உரிமையாகவும் வையுங்கள். எல்லா பேட்ஜும் முடங்கினால்தான் கணக்கு முடக்கம். பொருத்தும் சாவியாகக் கார்டு எண்ணைப் பிடிக்கக் கூடாது: 26 பிட் வீகண்ட் என்ற பரவலான வடிவத்துக் கார்டில் எண் 65,535 வரைதான், இடத்தைக் குறிக்கும் ஃபெசிலிட்டி கோடு மாறினால் அதே எண் வேறொருவரிடம் இருக்கும். ஆளின் பதிவை அழிக்கவும் வேண்டாம்; யார் எப்போது நுழைந்தார் என்று பின்னால் கேட்பார்கள்.

ஆன்கார்டைச் செக்மென்ட்களாக, அதாவது ஒன்றையொன்று பார்க்க முடியாத பகுதிகளாக, பிரித்த நிறுவனமாக இருந்தால், ஏபிஐ கணக்குக்கு எல்லா செக்மென்ட்டும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பிழைச் செய்தி வராது, ஆட்கள் குறைவாக வருவார்கள், அவ்வளவுதான்.

நான்காவது வழி, நடுவில் எச்ஐடி சேஃப், அலர்ட்என்டர்பிரைஸ் போன்ற, பல கதவு அமைப்புகளை ஒன்றாக நிர்வகிக்கும் ஓர் அடுக்கை வைப்பது. ஒரே ஆன்கார்டு என்றால் இது யானைத் தீனி. இணைந்த நிறுவனத்தில் ஒரு பக்கம் ஆன்கார்டு, மறுபக்கம் சிக்யூர் 9000 என்ற வேறொரு கதவு அமைப்பு என்றிருந்தாலோ, எச்ஆர் பட்டியலிலேயே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்களும் பார்வையாளர்களும் ஏராளம் என்றாலோ அதற்குக் கொடுக்கும் பணம் தகும்.

பயனர் கணக்குகளை அமைப்புகளிடையே பரிமாறும் பொதுத் தரநிலையான ஸ்கிம் 2.0 பற்றியும் கேட்பார்கள். அதன் அடிப்படைத் தரவு வடிவத்தில் பயனர், குழு உண்டு, பேட்ஜ் கிடையாது. கிளவுட் கதவு அமைப்புகளுக்குப் பொருந்தும், இங்கே இல்லை.

ஆக, ஒற்றை ஆன்கார்டுக்கு நம் தேர்வு: படிக்க டேட்டாபேஸ் வியூ, எழுத ஓப்பன்அக்சஸ். ஏபிஐ மாற்றத்தை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னாலும் வேலை முடியவில்லை. கன்ட்ரோலர் கார்டு பட்டியலைத் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. சர்வரோடு தொடர்பு அறுந்த துணைமின் நிலையத்தில் பழைய பட்டியல்தான் ஓடும். அதனால் ஒவ்வொரு நீக்கத்தின்போதும், அந்த பேட்ஜுக்கு அனுமதி இருந்த கன்ட்ரோலர்களில் எது தொடர்பில் இல்லை என்று பார்த்து, அந்த இடத்தின் பெயரோடு காவல் மேசைக்கு ஒரு டிக்கெட் போட வேண்டும். சோதிக்கும்போதும் ஒரு கன்ட்ரோலரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு பேட்ஜை முடக்குங்கள். டிக்கெட் வருகிறதா பாருங்கள். கேபிளைத் திரும்பச் செருகி, அதே பேட்ஜை ரீடரில் காட்டுங்கள்.