பழைய ஹைலக்ஸ் ஸ்ராட்டர்: பிரித்துச் செய்விப்பதா, றீகண்டிசன் வாங்குவதா, புதுச் சீனச் சாமானா?

திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. எஞ்சின் சுற்றாது, லைற்றும் மங்காது. நாலாம் தரம் திருப்பும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்ராட் ஆகிவிடும். 2எல், 3எல் டீசல் எஞ்சின் உள்ள பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது பழகின நோய். கராச்சுக்குப் போனால் மூன்று வழி சொல்வார்கள்: இருக்கிற ஸ்ராட்டரை, அதாவது எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டரை, பிரித்துச் செய்விப்பது, ஜப்பானில் உடைத்த வாகனத்திலிருந்து வந்த றீகண்டிசன் ஸ்ராட்டரைப் பூட்டுவது, பெட்டியோடு புதுச் சீனத் தயாரிப்பை வாங்குவது.

நான் முதலாவதைத்தான் தெரிவு செய்தேன். கேட்பவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். கீழே உள்ளதை அந்தச் சாய்வோடேயே வாசியுங்கள்.

முதலில், பழுது ஸ்ராட்டரில்தானா என்று பார்க்கவேண்டும். வன்னியில் வீணாக மாற்றப்படும் ஸ்ராட்டர்களில் பாதிக்குக் காரணம் ஏர்த் வயர் (பற்றரியின் நெகற்றிவை எஞ்சினோடும் சட்டத்தோடும் இணைப்பது) என்றே சொல்வேன். முல்லைத்தீவுப் பக்கம் மீன் பெட்டி ஏற்றும் வாகனமென்றால் கேட்கவே வேண்டாம்; ஐஸ் கரைந்த உப்புத் தண்ணி வாகனத்தின் இரும்புச் சட்டத்தில் வடிந்து வடிந்து, ஏர்த் பூட்டிய இடம் பச்சை பூத்துப்போயிருக்கும். ஒரு சாதாரண மீற்றர் போதும். இரவு நின்ற வாகனத்தில் பற்றரி 12.6 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான், சார்ஜ் பண்ணிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். பிறகு ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டு, பற்றரியின் நெகற்றிவ் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். எஞ்சின் சுற்றும்போது 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் பிழை. பூட்டிய இடத்தைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு இறுக்குங்கள். ஐந்து சதமும் செலவில்லை.

பட படவென்று தொடர்ந்து ‘டிக்டிக்டிக்’ என்றால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது முனை தளர்ந்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஸ்ராட்டரில் 50 என்று குறித்த சிறிய முனைக்கு, திறப்பைத் திருப்பும்போது கரண்ட் வருகிறதா பாருங்கள். 10 வோல்ற்றுக்குக் கீழே என்றால் திறப்புச் சுவிச்சோ வழியில் உள்ள வயரோ களைத்துவிட்டது. அதற்கு ஸ்ராட்டரை மாற்றத் தேவையில்லை, நாலு முள் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிச்) ஒன்று போதும், முள்ளுகளில் இலக்கம் இருக்கும்: சுவிச்சிலிருந்து வரும் பழைய வயர் 86க்கு, 85 ஏர்த்துக்கு, பற்றரியிலிருந்து 30 அம்பியர் பியூஸ் வழியாக 30க்கு, 87இலிருந்து ஸ்ராட்டரின் 50க்கு. கரண்ட் போகும் இந்தக் கடைசி இரண்டுக்கும் 4 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள்.

ஒற்றை ‘டிக்’ மட்டும் என்றால் தீர்க்கமான சோதனை ஒன்று இருக்கிறது. கியரை நியூட்ரலில் விட்டு, கைபிரேக்கை இழுத்து, ஸ்ராட்டரின் இரண்டு தடித்த முனைகளுக்கும் இடையில் மீற்றரை வையுங்கள்: பற்றரி வயர் வரும் 30, மோட்டருக்குள் போகும் சி. ‘டிக்’ என்ற கணத்தில் மீற்றர் பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கவேண்டும். 12 வோல்ற்றிலேயே நின்றால் சொலனோயிட் (ஸ்ராட்டருக்குள் இருக்கும் மின்காந்தச் சுவிச்) அடிக்கிறது, உள்ளே செம்பு முட்டவில்லை. பூச்சியத்துக்கு இறங்கியும் மோட்டர் சுற்றாவிட்டால் காபனையும் (சுழலும் பகுதியில் உரசிக் கரண்ட் கொடுக்கும் துண்டுகள்) ஆர்மேச்சரையும் (சுழலும் அந்தச் சுருள்) பார்க்கவேண்டும்.

(எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் அது வேறு கதை. பம்பின் தலையில் டீசலை நிறுத்தும் சொலனோயிட்டுக்கு 12 வோல்ற் வருகிறதா, சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் நாலும் சூடாகின்றனவா என்று பாருங்கள். எங்கள் வெயிலுக்குக் குளோ பிளக் ஏன் என்று கழட்டி எறிபவர்கள் உண்டு. மார்கழி விடியலில் தெரியும் சங்கதி.)

இப்போது தெரிவுக்கு வருவோம். விலையைப் பற்றி நீட்டப்போவதில்லை. செய்விப்பது மலிவு, றீகண்டிசன் நடு, புதியது கடைக்குக் கடை வேறு. இலக்கம் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். பூட்டுவது மூன்றுக்கும் ஒரே வேலைதான்.

தீர்மானிக்கவேண்டியது ஒன்றுதான்: அடுத்த முறை பழுதானால் உள்சாமான் கையெட்டும் தூரத்தில் இருக்குமா? ஸ்ராட்டர் ஒருநாள் திரும்பவும் பழுதாகத்தான் போகிறது. கிரவல் வீதித் தூசும் வெள்ளம் பாய்ந்த தாம்போதியும் எந்தத் தயாரிப்பையும் விடாது. அப்போது துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ நிற்கும் வாகனத்துக்கு, கொழும்புப் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சல் வரும்வரை காத்திருப்பதா, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள கடையில் அன்றைக்கே வாங்குவதா என்பதுதான் விசயம்.

ஹைலக்ஸில் கொம்பனியிலிருந்தே வரும் ஜப்பான் டென்சோ ஸ்ராட்டரின் உள்சாமான் ஒவ்வொன்றும் தனித்தனியாக விற்பனைக்கு உண்டு. ‘டிக்’ நோய்க்குத் தேவை இரண்டு செம்புத் தொடுமுனைகளும், தேய்ந்திருந்தால் செம்பு வட்டோடு வரும் பிளஞ்சரும் (சொலனோயிட்டுக்குள் ஓடும் தண்டு) மட்டுமே. நெகற்றிவ் முனையை முதலில் கழட்டி, ஸ்ராட்டரை இறக்கி, சொலனோயிட் பின்மூடியின் மூன்று சின்னப் போல்ற்றுகளைக் கழட்டினால் உள்ளே தெரியும். இரண்டு செம்பும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. பற்றரி வயர் வரும் பக்கம்தான் பெரும்பாலும் குழி விழுந்து கருகியிருக்கும். பிளஞ்சர் வட்டு ஒரு பக்கம் முட்டி மறுபக்கம் முட்டாமல் நிற்பதாலேயே சில நேரம் அடிக்கிறது, சில நேரம் அடிக்கிறதில்லை. புதுச் செம்பு போட்டபின் பிளஞ்சரைக் கையால் அழுத்தி, வட்டு இரண்டிலும் ஒருசேர அமர்கிறதா என்று பார்த்துவிட்டே நட்டை இறுக்கவேண்டும். பழைய செம்புக்குக் கீழ் வாசர் வைத்து உயர்த்தித் தருவோரும் உண்டு. வழியில் நின்றுவிட்ட வாகனத்துக்குச் சரி. காசு வாங்கிச் செய்யும் வேலையாக அதை ஏற்கவேண்டாம். மூடியின் ஓ றிங் நைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், தூசு நுழையும் வாசல் அதுதான்.

இறக்கிய கையோடு காபனையும் பார்த்துவிடுவது நல்லது. நாலு காபன். நீளம் புதியதில் பாதிக்குக் கிட்ட வந்திருந்தால் மாற்றுங்கள். பெயாரிங்கின் விளிம்பில் இலக்கம் பொறித்திருக்கும். அந்த இலக்கத்தைச் சொன்னால் எந்தப் பெயாரிங் கடையிலும் கிடைக்கும், ‘ஹைலக்ஸ் ஸ்ராட்டர் பெயாரிங்’ என்று கேட்டால்தான் விலை ஏறும். பினியன் (எஞ்சினோடு கொளுவும் சின்னப் பல்சக்கரம்) பக்கத்தைப் பிரிக்கும்போது மட்டும் கீழே ஒரு துணி விரியுங்கள். ஸ்ராட்டரின் கிளச் தண்டுக்குள்ளிருந்து சின்ன உருக்குக் குண்டு ஒன்று உருண்டு விழும். அதை விட்டுவிட்டுப் பூட்டினால் பினியன் போதிய தூரம் வெளியே வராது. பிறகு எல்லாம் புதுசாகப் போட்டும் வேலை செய்யவில்லை என்று மண்டையைக் குடைய வேண்டியதுதான். கிறீஸ் மெல்லிசாக. அள்ளி அப்பினால் தூசோடு சேர்ந்து அரைக்கும் மா ஆகிவிடும்.

இந்த வேலைக்கு இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. யுத்தகாலப் பொருளாதாரத் தடைக் காலத்தில் புதுச் சாமான் வராமல் பிரித்துப் பிரித்தே பழகின கைகள் இன்னும் சில கராச்சுகளில் இருக்கின்றன.

றீகண்டிசனை நான் ஒதுக்கவில்லை. ஆர்மேச்சர் கருகியிருந்தால், அல்லது உறை வெடித்திருந்தால் அதுதான் வழி. உள்ளே அதே டென்சோ, அதே உள்சாமான்; மேலே சொன்ன கணக்கில் சொந்த ஸ்ராட்டருக்குச் சமம். குறை என்னவென்றால், அதுவும் உங்களுடையதைப் போலவே பழையது. ‘றீகண்டிசன்’ என்ற பெயரில் வருவது பெரும்பாலும் கழுவிப் பெயின்ற் அடித்தது. வாங்கியதும் பின்மூடியைத் திறந்து செம்பைப் பாருங்கள். புதுச் செம்பு போட்டே பூட்டுவது உத்தமம். கடையிலேயே மூன்றைச் சரிபாருங்கள்: தகட்டில் 12 வோல்ற் என்று இருக்கவேண்டும் (டைனா லொறிகளில் வரும் 24 வோல்ற் ஸ்ராட்டர் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும்), பினியன் பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கவேண்டும், போல்ற் துளைகள் பழையதோடு பொருந்தவேண்டும். பழைய ஸ்ராட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் அதை மாற்றாகக் கேட்பார். கொடுக்காதீர்கள், அதன் உள்சாமான் பிறகு உதவும்.

சீனத் தயாரிப்பு புதுசு, பூட்டினால் அன்றைக்கு நன்றாகவே அடிக்கும். நீண்ட காலம் உழைக்கும் தயாரிப்பும் அதில் இருக்கலாம். இரண்டு மூன்று வகையை மட்டும் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே தராசில் போடமாட்டேன். என் பிணக்கு உள்சாமானில்தான். வெளியளவு டென்சோவைப் போல இருக்கும். உள்ளே செம்பின் உயரமும் கிளச்சும் காபன் தாங்கியும் மில்லிமீற்றர் கணக்கில் வேறுபடும். டென்சோச் செம்பைப் போட்டால் வட்டு சரியாக அமராது. அப்படி வந்தால் பழுதான துண்டை மாற்ற வழியில்லை, முழு ஸ்ராட்டரையும் மாற்றவேண்டும். மின்சாரச் சாமானுக்கு வரண்டி இல்லை என்று பல கடைகளில் பில்லிலேயே அச்சடித்திருப்பதையும் கவனியுங்கள். வாகனத்தை விற்கப்போகிறவருக்கு, அல்லது வெட்டுக் காலத்தில் நெல் மூட்டை வயலில் கிடக்க ஒரு நாளும் நிறுத்தமுடியாதவருக்கு இது பொருந்தலாம். அப்போதும் பழைய டென்சோவைச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு, வேலை ஓய்ந்ததும் செய்விக்கக் கொடுங்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் தனியாருக்குத் திறந்தது. வரியோடு புது பிக்கப்பின் விலை பழையதை விற்கவிடாது. ஆகவே கணக்கை இன்னும் பத்து வருசத்துக்குப் போடுங்கள். செய்வித்து முடித்த ஸ்ராட்டரைப் பூட்டமுதல், தரையில் வைத்து உறையைக் காலால் அழுத்திப் பிடித்து, ஜம்பர் வயரால் பற்றரியின் நெகற்றிவை உறைக்கும் பொசிற்றிவை 30க்கும் கொடுத்து, ஒரு துண்டு வயரால் 30இலிருந்து 50ஐத் தொட்டுப் பாருங்கள். பினியன் முழுதாக வெளியே வந்து சுற்றவேண்டும், வயரை எடுத்த கணமே உள்ளே போகவேண்டும். பாதியில் நின்றால் கராச்சிலேயே திரும்பக் கொடுத்துவிடுங்கள்.