அரிச்சல்முனையா, சக்கரக்கோட்டைக் கண்மாயா?

மனம் கனத்துக் கிடக்கும் நாளில் சைக்கிளை எடு என்று சொல்வது எளிது. எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் வழக்கு. இராமநாதபுரத்து எட்டுப் பேரில் ஐந்து பேர் அரிச்சல்முனைக் கட்சி. நான் எதிர்க்கட்சி, சக்கரக்கோட்டைக் கண்மாய்ப் பக்கம்.

அழகில் அரிச்சல்முனையை மிஞ்ச முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். 1964 புயல் தின்ற தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைத் தாண்டியதும் இருபுறமும் கடல், நடுவில் ஒற்றைச் சாலை, நிலம் முடியும் அந்த முனை வரை. ஆனால் அங்கே போக முதலில் சைக்கிள்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி இராமேசுவரம் போய்ச் சேர வேண்டும். பிறகு போக 20 கிலோமீட்டர், வர 20. சுற்றுலா வேன்கள் வந்துகொண்டே இருப்பதால் ஒருவர் பின் ஒருவராகத்தான் மிதிக்க முடியும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்து, மணலைச் சாலையில் கொட்டி, பேசும் சொல்லையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும். தனியாக அழுதுவிட்டு வர அதைவிட நல்ல இடம் இல்லை. எட்டுப் பேர் சேர்ந்து போவதற்கு அல்ல.

சக்கரக்கோட்டைக் கண்மாய் ஊரை ஒட்டியே இருக்கிறது. 2025இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம் என்பது உள்ளூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கரையோரம் மெல்லத்தான் மிதிக்க முடியும். அதுதான் அதன் சிறப்பு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'மிதம்' என்பதற்கு எளிய அடையாளம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கண்மாய்க் கரையின் வேகம் சரியாக அதுதான்.

குறை, சீமைக்கருவேல முள். பஞ்சர் இல்லாத ஞாயிறு அபூர்வம். ஆனால் மூன்று வாரமாக வாய் திறக்காமல் வந்த தம்பி ஒருவர், டியூப்பைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி தேடிக்கொண்டிருந்தபோதுதான், இரவில் தூக்கமே வருவதில்லை என்று முதன்முதலாகச் சொன்னார். யாரும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் டியூப்பில். அரிச்சல்முனைச் சாலையில் இது நடந்திருக்குமா?

எங்கள் மாவட்டத்தில் மனம் சரியில்லை என்றால் கேட்பவர் நினைவு நேராக ஏர்வாடிக்குப் போய்விடும். 2001இல் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் தீயில் சிக்க, 28 பேர் மாண்டார்கள். அந்தப் பெயருக்கு அஞ்சி மருத்துவரிடம் போகாதவரும் சைக்கிள் ஓட்ட வருகிறார். ஏன் வந்தாய் என்று இங்கே எவரும் கேட்பதில்லை. சைக்கிள் மருந்தாகிவிடாது. அந்தத் தம்பிக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் இலவச மனநல உதவி) எண்ணையும் கொடுத்தோம், அழைத்துப் பேசினார்.

இடையில் ஒருவர் அரியமான் கடற்கரைக்குப் போகலாம் என்றார். சவுக்கு நிழல் அருமை. மணல் டயரை விழுங்கிவிடும்; ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம். உப்பேறிய செயினைக் கழுவ ஒரு மாலை போனது.

பங்குனி பிறந்தால் கண்மாய் வற்றத் தொடங்கும், பறவைகளும் கிளம்பிவிடும். அப்போது வாயை மூடிக்கொண்டு அரிச்சல்முனைக் கட்சிக்குக் கை தூக்குகிறேன். கச்சான் கிளம்பும் வரைக்கும்தான்.