ஒரு சாவிக்கொத்தும் ஏழு பேரும்: கிட்ஹப்பில் ஐந்து வருடம்

இலங்கையில் எங்கள் மென்பொருள் குழுவில் ஏழு பேர். மூன்று பேர் ஹட்டனில், இரண்டு பேர் பண்டாரவளையில், ஒருவர் தலவாக்கலையில், ஒருவர் கொழும்பில். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் போனிலேயே நிறை பதிகிற ஆப் ஒன்று, கடைகளுக்கு பில் போடும் மென்பொருள், ஒரு சம்பளக் கணக்கு. இவ்வளவுதான் எங்கள் தொழில். இதன் நிரல் எல்லாம் 2020இலிருந்து கிட்ஹப்பில் இருக்கிறது; நிரலைச் சேமித்து, யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் தளம் அது. அந்த வருடம் ஏப்ரலில்தான் பிரைவேட் ரெப்போவில் (வெளியார் பார்க்க முடியாத நிரல் பெட்டியில்) எத்தனை பேரையும் இலவசமாகச் சேர்க்கலாம் என்று ஆக்கினார்கள். அதுவரை மூன்று பேர்தான் கணக்கு. எங்களுக்கு அந்தக் காரணம் போதுமாக இருந்தது.

ஆனாலும் முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே அக்கவுண்ட். பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குரூப்பின் விவரத்திலேயே எழுதி வைத்திருந்தோம். ஒரே லொகினைப் பல பேர் பகிரக்கூடாது என்பது கிட்ஹப்பின் விதி; அதை யார் படித்தார்கள்? ஒரு நாள் நிறையை வட்டமாக்கும் இடத்தில் யாரோ கை வைத்துவிட, மேலே போக வேண்டிய அரைக் கிலோ எல்லாம் கீழே போனது. கொழுந்து மடுவத்தில், அதாவது நிறுக்கும் கொட்டகையில், சண்டை வராத குறை. யார் மாற்றியது என்று வரலாற்றைப் பார்த்தால், எல்லா வரியிலும் ஒரே பெயர். அம்மாவிடம் சொன்னேன். அவர் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். "நாலு பேரு ஒரே பேர்ல பிரட்டுக்கு நின்னா கணக்கப்பிள்ளை யாருக்குடா பேர் போடுவாரு?" என்றார். பிரட்டு என்பது தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடம்.

நாங்களாகத் திருந்தவில்லை. 2021 ஓகஸ்ட் 13ஆம் திகதி கிட்ஹப், பாஸ்வேர்டை வைத்து புஷ் செய்வதை (மாற்றிய நிரலைத் தளத்துக்கு ஏற்றுவதை) நிறுத்தியது. அதற்குப் பதில் டோக்கனோ எஸ்எஸ்எச் சாவியோ (இரண்டும் கணினி காட்டும் இரகசிய அடையாளங்கள்) வேண்டும் என்றானதும்தான் ஆளுக்கொரு அக்கவுண்ட் திறந்து, அவற்றைச் சேர்க்கும் குழுக் கணக்கான ஓர்கனைசேஷன் ஒன்றை உருவாக்கி, ரெப்போக்களை அதற்கு மாற்றினோம்.

இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தனி ஆள் அக்கவுண்டில் இருக்கும் ரெப்போவில் உரிமையாளர், கூட்டாளி என்று இரண்டே படிதான். ஓர்கனைசேஷனில் ஐந்து படி உண்டு. ரீட் என்றால் பார்க்கலாம். ட்ரையாஜ் என்றால் நிரலைத் தொடாமல் பிரச்சினைப் பட்டியலைக் கவனிக்கலாம். ரைட் இருந்தால் புஷ் செய்யலாம். மெயின்டெய்ன், ரெப்போவை நடத்துகிறவருக்கு. அட்மினால் ரெப்போவையே அழிக்கவும் முடியும். எங்களுக்கு அதிகம் பயன்பட்டது, யாரும் கண்டுகொள்ளாத ட்ரையாஜ்தான். வாடிக்கையாளரின் புகார்களை வரிசைப்படுத்தும் தங்கைக்கு அதைக் கொடுத்தோம். நிரலில் தவறி ஏதாவது பட்டுவிடுமோ என்ற பயம் அவளுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

ஒரு பள்ளத்தில் விழுந்தோம். ஓர்கனைசேஷனில் ஒருவரைச் சேர்த்த உடனே எல்லா ரெப்போவையும் அவர் பார்க்கலாம். நாம் மாற்றாத வரை அடிப்படை அனுமதி ரீட்தான். பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன் இரண்டாவது நாள், "அண்ணே, இந்த சம்பள ரெப்போல நிஜப் பேரெல்லாம் இருக்கே" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. சோதனைக்காகப் போட்ட நிஜப் பட்டியலை அப்படியே விட்டது எங்கள் தப்பு. அன்றைக்கே அடிப்படை அனுமதியை "எதுவுமில்லை" என்று மாற்றி, வேலைக்கு ஏற்ப டீம்கள் பிரித்தோம். இப்போது ஒருவரை நிறுவை டீமில் போட்டால் நிறுவை ரெப்போக்கள் மட்டும் அவருக்குத் திறக்கும். டீமிலிருந்து எடுத்தால் அதோடு போய்விடும். ரெப்போ ரெப்போவாக ஆள் சேர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

படியை ஏற்றுவது ஒரு கிளிக். இறக்குவதுதான் பாடு. மென்பொருளில் அதுவும் ஒரு கிளிக்தான், ஆளுக்கு ஆள் பார்க்கும்போது அப்படியில்லை. எங்களில் வயதில் மூத்த அண்ணன் ஒருவர் ஆரம்பத்திலிருந்தே அட்மின். அவர் செய்யும் வேலைக்கு ரைட் போதும். மாற்றிய அன்று இரவு போன் வந்தது. "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா?" எங்கள் பக்கம் அனுமதி என்பது மரியாதை மாதிரி. கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் செருப்பைக் கழற்றி வெளியே நில் என்று சொன்ன மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் என்னுடையதையும் எல்லா ரெப்போவிலும் ரைட்டுக்கு இறக்கிக் காட்டினேன். ஓனர் உரிமைக்கு வேறு அக்கவுண்ட் வைத்து, தேவைப்படும்போது மட்டும் அதில் நுழைகிறேன். அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இலவச அக்கவுண்ட் ஆளுக்கு ஒன்றுதான் என்பதால் அந்த இரண்டாவதற்கும் சேர்த்துக் காசு கட்டுகிறோம் என்பது வேறு கதை.

காசு என்றதும் 2022 ஞாபகம் வருகிறது. பெப்ரவரிக் கடைசியில் கரண்ட் மணிக்கணக்கில் போய்வந்த நாட்கள். லெப்டொப் சாவதற்குள் வேலையை ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒருவர் மெயின் பிராஞ்சில் (எல்லோருடைய வேலையும் சேரும் முதன்மை நிரலில்) ஃபோர்ஸ் புஷ் அடித்துவிட்டார், அதாவது அங்கே இருந்ததன் மேல் தன்னுடையதை வலுக்கட்டாயமாக எழுதிவிட்டார். மற்றவர்களின் இரண்டு நாள் வேலை காணாமல் போனது. பண்டாரவளையில் இருந்தவரின் லெப்டொப்பில் பழைய நகல் இருந்ததால் பிழைத்தோம். பிராஞ்சுக்குப் பூட்டுப் போடும் வசதி பிரைவேட் ரெப்போவுக்கு இலவசத் திட்டத்தில் இல்லை. ஆளுக்கு மாதம் 4 டொலர் கட்டி டீம் திட்டத்துக்குப் போனோம். ஏழு பேருக்கு 28 டொலர், அன்றைய கணக்கில் 5,600 ரூபாய் சுமார். மே மாதம் டொலர் 360 ரூபாய்ப் பக்கம் வந்ததும் அதே பில் 10,000 ரூபாயைத் தாண்டியது. இரண்டு மாதம் இலவசத் திட்டத்துக்கே திரும்பி பூட்டு இல்லாமல், வாய்ச்சொல் ஒப்பந்தத்தில் ஓட்டினோம். பயந்து பயந்து. கட்டும் காசுக்கு இந்தப் பூட்டு ஒன்றே தகும் என்பது என் எண்ணம்.

இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு போனில் காட்டும் எண்ணையும் கேட்பதை) அந்த வருடக் கடைசியில் கட்டாயமாக்கினோம். அப்போதைய ஏற்பாட்டில், அதைப் போடாதவர்களைக் கிட்ஹப் ஓர்கனைசேஷனிலிருந்தே வெளியேற்றிவிடும். இரண்டு பேர் வெளியே போய்த் திரும்ப வந்தார்கள். எஸ்எம்எஸ் வேண்டாம், ஆப் போதும். தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) சிக்னல் இல்லாத அறையிலும் ஆப் எண்ணைக் காட்டும். அது நேரத்தை வைத்துப் போனுக்குள்ளேயே கணக்கிடுவது. போன் கடிகாரம் முந்தியோ பிந்தியோ இருந்தால் மட்டும் எண் ஒத்துவராது. போன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து வீட்டில் வையுங்கள். சிக்னல் இன்னொரு விதத்திலும் படுத்தியது: ஓர்கனைசேஷனில் சேர அனுப்பும் அழைப்பு ஏழு நாளில் காலாவதியாகும் என்பதால் மஸ்கெலியாப் பக்கம் ஒருவருக்கு மூன்று முறை அனுப்ப வேண்டியிருந்தது.

எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. எங்களில் ஒருவர் டோஹாவுக்கு வேலைக்குப் போனார். நல்லபடியாக விருந்து வைத்து அனுப்பி, அன்று மாலையே அவரை ஓர்கனைசேஷனிலிருந்து எடுத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். சில மாதம் கழித்து சர்வரை மாற்றும்போது பார்த்தால், சர்வர் நிரலை இழுக்கும் டிப்ளோய் சாவி அவர் உருவாக்கியது. எழுதும் அனுமதியும் டிக் செய்யப்பட்டிருந்தது. டிப்ளோய் சாவி ஆளோடு கட்டப்பட்டதல்ல, ரெப்போவோடு கட்டப்பட்டது. ஆள் போனாலும் சாவி உயிரோடு இருக்கும். அதன் நகல் அவருடைய பழைய லெப்டொப்பிலும் இருந்தது; கேட்டதும் அவரே சொல்லி அழித்தார். ஒருவரை நீக்கும்போது "இவர் செய்த சாவிகள் இவை" என்று ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லாப்பில் ஒரு வாடிக்கையாளருக்கு வேலை செய்திருக்கிறோம். அங்கே ஒருவரைச் சேர்க்கும்போதே எந்தத் திகதிவரை என்று போடலாம். அன்றோடு அனுமதி தானாக முடியும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அதுதான் சரி. கிட்ஹப்பில் அதை நான் நாட்காட்டியில் எழுதி வைத்துச் செய்கிறேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது நான் வீதி உடைந்த பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். போனும் இல்லை, கரண்டும் இல்லை. ஓர்கனைசேஷனுக்கு ஓனர் நான் ஒருவன் மட்டும். அந்த நேரத்தில் ரெப்போ யாருக்கும் பெரிதில்லை, உயிர்தான் பெரிது. ஆனால் திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கொழும்பில் இருப்பவரை இரண்டாவது ஓனராக்கினேன்.

இப்போது மூன்று போயாவுக்கு ஒரு முறை, அந்தப் பௌர்ணமி லீவு நாளில், எல்லோரும் போனில் கூடிப் பட்டியலைப் பார்க்கிறோம். யார் எந்த டீமில், எந்தச் சாவி யாருடையது என்று. கடைசியாகப் பார்த்தபோது "டெஸ்ட் டூ" என்று ஒரு டிப்ளோய் சாவி இருந்தது. சமீபத்தில் பயன்பட்டதாகவும் காட்டியது. ஏழு பேரிடமும் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. அழித்துவிட்டு, மறுநாள் காலை கொழுந்து மடுவத்திலிருந்து போன் வருகிறதா என்று காத்திருந்தோம். பத்து மணிவரை வரவில்லை. பதினொன்றரைக்கு வந்தது, எங்கள் பில் மென்பொருளைப் பயன்படுத்தும் கடையிலிருந்து.