ஆற்றில் குதித்த ஆயன்: எரிக் ரோமரின் கடைசிப் படம்

'நானாகக் கூப்பிடும்வரை என் கண்ணிலேயே படாதே' என்று கோபத்தில் சொல்லிவிடுகிறாள் ஆயர்குலப் பெண் ஆஸ்த்ரே. அவள் காதலன் செலதோன் லிக்னோன் ஆற்றில் குதிக்கிறான். பிழைத்துக் கரையேறிய பிறகும் அந்தச் சொல்லை மீற மனமில்லை. அவள் ஊருக்குப் பக்கத்துக் காட்டிலேயே மறைந்து கிடக்கிறான். நம் அகப்பாட்டில் காதல் கைகூடாதவன் பனைமடல் குதிரை ஏறும் மடலேறுதலும், மலையிலிருந்து குதிக்கும் வரைபாய்தலும் உண்டு. வரைபாய்ந்தவன் பிழைத்து, காதலியின் வாய்ச்சொல்லுக்காகக் காத்துக் கிடந்தால் எப்படி இருக்கும்? பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமர் எடுத்து 2007இல் வந்த 'ஆஸ்த்ரே, செலதோன் காதல்' (Les Amours d'Astrée et de Céladon) என்ற இந்த 109 நிமிடப் படம் அதைத்தான் காட்டுகிறது.

மூலக்கதை ஒனொரே துயுர்ஃபேயின் 'ஆஸ்த்ரே' நாவல். முதல் பாகம் 1607இல் வெளிவந்தது. மொத்தம் ஐந்து பாகம், ஐயாயிரம் பக்கத்துக்கு மேல். ரோமர் அதிலிருந்து ஓர் இழையை மட்டும் உருவி எடுத்திருக்கிறார். நல்ல வேலை செய்தார்.

முதல்முறை பார்ப்பவர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதாமாஸ் என்ற துருயிது (பழைய கெல்ட்டிய சமயத்துப்) பூசாரி, செலதோனுக்குப் பெண்வேடம் போட்டுத் தன் மகள் என்று ஆஸ்த்ரே முன்னால் நிறுத்துகிறார். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. 'அதெப்படித் தெரியாமல் போகும்?' என்று கேட்டால் படம் அங்கேயே கைநழுவிப் போகும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர் இதைக் கேட்கமாட்டார். பேடியாக வரும் அர்ச்சுனனை விராடன் அவையில் யாருக்கும் தெரியாது. வேடம் கட்டினால் அவன் அவள்தான். இந்தப் படத்தையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். உடையும் அப்படித்தான். கதை 5ஆம் நூற்றாண்டு கோல் நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கத்தில், நடக்கிறது. உடுப்போ 17ஆம் நூற்றாண்டு வாசகர் மனத்தில் கண்ட கோல். மேய்ப்பர் துணியில் ஒரு பொட்டு அழுக்கில்லை. தவறிப்போய் வந்ததல்ல அது. 'நிம்ஃப்' என்று வசனத்தில் வருபவர்களும் தேவதைகள் அல்லர், அரண்மனைப் பெண்கள். இது பிடிபடாவிட்டால், கரையொதுங்கிய செலதோனைத் தன் கோட்டையில் வைத்துக்கொள்ளும் கலாத்தே வரும் காட்சிகள் குழப்பும்.

தொடக்க அறிவிப்பைத் தவறவிட வேண்டாம். கதை நடந்த ஃபொரே சமவெளியிலேயே படமெடுக்க முடியவில்லை என்கிறது அது: ஊர் பெருத்து, சாலை அகன்று, ஆறு குறுகி, ஊசியிலை மரங்கள் நட்டு நிலம் உருமாறிவிட்டதாம். அதனால் வேறு பகுதிக்குப் போயிருக்கிறார்கள். எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்ததைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தச் சில வரிகளே நெஞ்சில் தைக்கும்.

பின்னணி இசை மிகக் குறைவு. காற்று, பறவை, நீரோட்டம், இவைதான் படத்தின் ஒலி. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் கன்டெய்னர் லாரி போகும் நேரத்தில் போட்டால் பாதிப் படம் காணாமல் போகும். ஹெட்போன் நல்லது, கூட்டமாகப் பார்ப்பதானால் உள்ளறையில், ஸ்பீக்கரைக் காது மட்டத்தில் வையுங்கள். சட்டகம் பழைய 4:3. டிவியில் 'ஜூம்' வைத்தால் தலையும் காலும் வெட்டுப்படும், 'ஸ்ட்ரெச்' வைத்தால் முகம் உப்பும். இரண்டையும் அணைத்துவிட்டு ஓரத்துக் கறுப்புப் பட்டையை அப்படியே விடுங்கள். புரொஜெக்டர் என்றால் 8 அடிக்கு 6 அடி வெள்ளைத் துணி கச்சிதம். காசிமேடு, ராயபுரம் பக்கத்து மொட்டை மாடியில் கட்டினால் கடற்காற்றில் துணி பாய்போல உப்பி, படம் ஓரங்களில் மங்கும்; கீழ் விளிம்பிலும் கழி கோத்து இறுக்கிக் கட்ட வேண்டும்.

குறையும் உண்டு. அதாமாஸ் கோல் மக்களின் தெய்வங்களை விளக்கும் பகுதி பாடம் நடத்துவதுபோல நீள்கிறது. ஒருத்தியோடு நில்லாத இலாஸ் காதலைப் பற்றி வாதாடும் இடம் அப்படியல்ல. பேச்சுதான், ஆனாலும் துள்ளல் இருக்கிறது. செலதோனாக நடிக்கும் ஆண்டி ஜிலேயின் முகவெட்டு பெண்வேடத்துக்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. கடைசி அரை மணி நேரத்தில் தோழிகள் ஒரே அறையில் தங்கும் காட்சிகளில் கூச்சமும் ஆசையும் சிரிப்பும் ஒன்றாகக் கூடிவருகின்றன. இடைவேளை விடுவதானால் செலதோன் கோட்டையிலிருந்து தப்பும் இடத்தில் விடலாம். அதற்குப் பிறகு நிறுத்தக் கூடாது.