பாலமா, ரயிலா, பஸ்ஸா? மினியாபொலிஸ் ஜனவரியில் வகுப்புக்குப் போகும் வழிகள்

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மினியாபொலிஸ் வளாகத்தை மிசிசிப்பி ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. நான் தங்கியிருந்தது மேற்குக் கரையில். கணினி வகுப்பு கிழக்குக் கரையில், கெல்லர் ஹாலில். நடுவில் வாஷிங்டன் அவென்யூ பாலம். செப்டம்பரில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஜனவரியில், காலை எட்டு மணிக்கு, மைனஸ் 25 டிகிரியில், எப்படிப் போவது என்று யோசித்தே தூக்கம் கலைந்துவிடும்.

பாலத்துக்கு இரண்டு அடுக்கு. கீழே கார், பஸ், ரயில். மேலே நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும். மேல்தளத்தின் திறந்த ஓரமாகப் போனால் ஆறும் நகரத்தின் உயரக் கட்டடங்களும் அழகாகத் தெரியும். குளிர்காலத்தில் அந்த அழகுக்கு ஆசைப்படாதீர்கள். ஆற்றின் மேல் காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 28. மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்துபோகலாம் என்பது அமெரிக்க வானிலைத் துறையின் கணக்கு. முதல் வருஷம் தலைக்குக் குளித்துவிட்டு, துவட்டியது போதும் என்று தொப்பியில்லாமல் கிளம்பினேன். பாதிப் பாலத்தில் தலையைத் தொட்டால் முடி விளக்குமாற்றுக் குச்சி மாதிரி விறைத்து நின்றது. அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

அதே மேல்தளத்தின் நடுவில் கூரையும் சுவரும் போட்ட நடைபாதை ஒன்று நீளமாகப் போகிறது. என் ஓட்டு இதற்குத்தான். உள்ளே கதகதப்பாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், குளிர் குளிர்தான். ஆனால் காற்று இல்லை, அது பெரிய விஷயம். கொஞ்சம் வேகமாக நடந்தால் ஐந்தாறு நிமிடத்தில் அக்கரை. அதற்குள் ஜாக்கெட்டுக்குள் உடம்பு சூடாகியிருக்கும். சுவர்ப் பலகைகளில் மாணவர் சங்கங்கள் தீட்டிய ஓவியங்களைப் படித்துக்கொண்டே போகலாம்.

ரயில் என்றால் 2014-இல் வந்த கிரீன் லைன். வெஸ்ட் பேங்கில் ஏறினால் அடுத்த நிறுத்தமே ஈஸ்ட் பேங்க். வளாகத்துக்குள் மாணவர்களுக்குக் காசும் இல்லை. ஏறிவிட்டால் சுகம், அதுவரை நிற்பதுதான் தண்டனை. நிறுத்தத்தில் பொத்தானை அமுக்கினால் தலைக்கு மேல் ஹீட்டர் சிவக்கும். உச்சந்தலை காயும், கால் விரல் மரத்துப்போகும். நடந்தால் உடம்பே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும், நின்றால் அதுவும் போச்சு. அதனால் மூன்று நிமிடத்துக்குள் வண்டி என்றால் ரயில், அதற்கு மேல் என்றால் பாலம் என்று வைத்திருந்தேன். நேரம் பார்க்கிற கைப்பேசியை உள்பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி பாதி இருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடும்.

கேம்பஸ் கனெக்டர் பஸ்ஸும் இலவசம்தான். பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகமான செயின்ட் பாலில் வகுப்பு என்றால் அதை விட்டால் வேறு நல்ல வழி இல்லை, அவ்வளவு தூரம். ஆற்றைத் தாண்ட மட்டும் என்றால், வகுப்பு மாறுகிற நேரத்துக் கூட்டத்தில் ஏறி, எல்லோருடைய வீங்கிய ஜாக்கெட்டுக்கும் நடுவில் நசுங்க எனக்குப் பொறுமை இல்லை.

அப்புறம் கோஃபர் வே. கட்டடத்துக்குக் கட்டடம் சுரங்கமும் மேல்பாலமுமாக ஓடும் வழி. வளை தோண்டும் கோஃபர் என்ற சிறு பிராணிதான் பல்கலைக்கழகத்தின் சின்னம், பெயர் பொருத்தம். மேற்குக் கரையில் வில்சன் நூலகத்திலிருந்து பிளெகன் ஹாலுக்கு ஜாக்கெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டே போகலாம். ஆனால் சுற்றுவழி, புதிதாக வந்தவர்கள் ஒருமுறையாவது தொலைவார்கள். ஆற்றுக்கு அடியிலும் போகாது. அதனால் அது பாலத்துக்குப் போட்டி இல்லை, பாலத்தின் இரு முனைகளிலும் துணை.

கைக்கு ஐந்து விரல் கையுறையா, விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டனா? யோசிக்கவே வேண்டாம், மிட்டன். விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும்.

2019 ஜனவரி 30 மாதிரி மைனஸ் 33 தொட்டால் பல்கலைக்கழகமே வகுப்புகளை ரத்து செய்துவிடும். மற்ற நாட்களில், எந்த வழியில் போனாலும் ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். கண்ணாடி போட்டவர்களுக்கு உள்ளே நுழைந்ததும் இரண்டு கண்ணும் வெள்ளையாகிவிடும். துடைத்தாலும் மறுபடி மங்கும். அது தெளிவதற்குள் பலகையில் பாதி எழுதி முடித்திருப்பார்கள்.