தொட்டில் கயிறும் நாற்பது பக்க நோட்டும்: மூன்றரை வருட உபயோகத்துக்குப் பிறகு

மகளுக்கு இந்த ஐப்பசியோடு மூன்றரை வயது. அவள் பிறந்த பிறகு ஒன்பது சிறுகதை எழுதியிருக்கிறேன், ஒரு நாவல் பாதியில் கிடக்கிறது. முன்பென்றால் ஒன்பது கதைக்கு ஒரு வருடம் போதும். அதைச் சொல்லி அழ வரவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணியான தோழி ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள்: "எழுதுவதற்கு என்னவெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், எதெல்லாம் வீண்?" அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நாங்கள் இருப்பது கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையில். ஊரைச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

முதலில் நான் ஏமாந்த கணக்கு. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று படித்திருந்தேன். பதினாறு என்றே வைத்தாலும் எனக்கு எட்டு மணி நேரத் தூக்கம் போக எட்டு மணி நேரம் எழுதலாமே என்று மனக்கணக்குப் போட்டேன். அந்தத் தூக்கம் இரண்டு மணி, ஒன்றரை மணி, சில நேரம் இருபது நிமிடம் என்று துண்டு துண்டாக வரும் என்பதும், நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை. துணி, குளியல், மருந்து, வருகிற போகிற சொந்தக்காரர்களுக்குக் காப்பி எதுவும் இல்லை.

லேப்டாப்தான் முதலில் தோற்றது. நான் தமிழ் 99 விசைப்பலகையில் எழுதுகிறவள். 1999-இல் அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் வலது கைப்பக்கம். இரண்டு கையும் மாறி மாறி ஓடும்போது அதன் வேகத்துக்கு ஈடே கிடையாது. 'ந'வுக்குப் பின் 'த' அடித்தால் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆனால் இடது தோளில் பிள்ளை கிடக்கும்போது? வலது கை மட்டும் பலகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, ஒரு வரி முடிவதற்குள் அவளுக்கு ஏப்பம் வந்துவிடும். மூன்றாவது மாதம் லேப்டாப் அலமாரிக்குப் போனது.

அடுத்தது விடியற்காலை நான்கு மணி. எல்லோரும் சொல்வது இதைத்தான். மூன்று வாரம் முயன்றேன். பக்கத்தில் இருந்த சூடு விலகியதும் பத்து நிமிடத்தில் அவளும் எழுந்துகொண்டாள், அதன் பிறகு இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. அத்தை ஒரு நாள் விளக்கைப் பார்த்துவிட்டு வந்து, "ஏட்டி, பிள்ளை உறங்குகையில நீயும் உறங்கு. கதை எங்க ஓடிரப் போகுது?" என்றார்கள். கதை ஓடத்தான் செய்யும், ஆனால் அதை அந்த நேரத்தில் அவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. படுத்துவிட்டேன். தாய்ப்பால் கொடுக்கிற முதல் வருடத்தில் இதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உருப்படியாக உழைத்தது ஒரு நோட்டு. கடையில் கிடைக்கிற சாதாரண நாற்பது பக்க நோட்டு. நடுவில் மடித்தால் நைட்டி பாக்கெட்டில் நிற்கும். பென்சில்தான் வேண்டும். படுத்துக்கொண்டு நோட்டை மேலே பிடித்து எழுதினால் பால்பாயிண்ட் பேனா நாலு வார்த்தையில் நின்றுவிடும், அதோடு பேனா மூடி எப்படியும் ஒரு நாள் பிள்ளை வாய்க்குப் போகும். உத்தரத்துக் கொக்கியில் சேலைத் தொட்டில், அதன் கயிற்று நுனியை வளையமாக்கி என் வலது கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கால் ஆட்டுகிற தாளத்தில் கை எழுதும். ஆட்டம் நின்றால் அவள் முனகுவாள். எழுத்தில் மூழ்கினால் கால் தானாக நின்றுவிடும் என்பதுதான் இதில் சிக்கல். ஆகவே ஒரு நல்ல வாக்கியம் வந்துவிட்டது என்பதை எனக்கு முதலில் தெரிவிப்பது அவளுடைய அழுகைதான்.

நோட்டு ஜெயித்ததற்குக் காரணம் யோசித்துப் பார்த்தேன். எடுத்த உடனே எழுதலாம், விட்ட உடனே மூடலாம். சார்ஜ் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. வாக்கியத்தை வேண்டுமென்றே பாதியில் விட்டு எழுந்திருக்கவும் பழகிக்கொண்டேன். 'அவன் கதவைத் திறந்ததும்' என்று நின்றால், பாத்திரம் தேய்க்கும்போது மிச்சம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். முற்றுப்புள்ளி வைத்து எழுந்தால் மறுபடி உட்காரும்போது வெறும் தாளைத்தான் பார்க்க வேண்டும்.

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் கூடியதைப் பற்றி எங்கள் பக்கத்தில் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். கம்பனை ஒரு பாட்டு ஒரு பாட்டாக ரசித்து எத்தனை மணி நேரம் பேசியிருப்பார்கள்! அதைக் கேட்கும்போதெல்லாம், அந்த நேரத்தில் அத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளையும் யார் தூக்கி வைத்திருந்தார்கள் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

சரி, போனில் பேசி எழுதுவது. அவளுக்கு ஒரு வயது ஆனபோது ஆரம்பித்தேன், இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கீபோர்டில் மைக் படத்தைத் தட்டிவிட்டுப் பேச வேண்டும், எழுத்து வந்துகொண்டே இருக்கும். காய் நறுக்கும்போது, மாடியில் துணி காயப் போடும்போது, அவளை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டும்போது எல்லாம் முடிகிறது. வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நிறுத்தக்குறி எதுவும் விழாது. 'முற்றுப்புள்ளி' என்று சொன்னால் அந்த வார்த்தையையே முழுசாக எழுதி வைக்கும். கடைசியில் மொத்தமாகத் தேடி மாற்றிக்கொள்கிறேன். புத்தகத் தமிழில் பேசினால் நன்றாகப் பிடிக்கும், எங்கள் ஊர்ப் பேச்சில் பேசினால் திணறும். என் கதை மாந்தர்கள் எல்லோரும் ஊர்ப் பேச்சுக்காரர்கள். பக்கத்து ஊர் புளியரை எனக்குப் பெரும்பாலும் 'புலி அறை' என்றே வரும். ஒரு கதையில் அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பெரிய விஷயம், மைக்குக்கு யார் கதாசிரியர் என்று தெரியாது. ஒரு மழைக் கதைக்காக நான் பேசியதில் இப்படி வந்திருந்தது: 'ஆறுமுகம் வாசலில் வந்து நின்றபோது அம்மா பிஸ்கட் மழை இன்னும் விடவில்லை அம்மா ரெண்டு அவன் குடையை மடக்கி அம்மா வெள்ளம்'. பிஸ்கட்டையும் ரெண்டையும் அன்றைக்கே அழித்தேன், கடைசி வார்த்தை கண்ணில் படவில்லை. என் அம்மா வீடு கேரளத்துப் புனலூர். மகள் மாதத்தில் சில நாள் அங்கே வளர்கிறாள். என் அம்மா அவளுக்கு 'அம்மூம்மா', மாமியார் 'ஆச்சி'. அங்கே பழகிய வாய், தண்ணீர் வேண்டுமென்றால் 'வெள்ளம்' என்றுதான் கேட்கும். செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர்தான், இங்கே யாருக்கும் இது புதிதில்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பப் படித்தபோது 'அம்மா வெள்ளம்' என்பதை என் வரி என்றே நம்பி, ஆற்றில் வெள்ளம் வருகிற காட்சி ஒன்றை முழுதாக எழுதிவிட்டேன். கதைக்கு அதுதான் உயிர் என்று படித்தவர்கள் சொன்னார்கள். பிள்ளை தாகத்தில் கேட்ட தண்ணீர் அது என்று யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது போனை வேறு மாதிரி உபயோகிக்கிறேன். முதல் எழுத்து நோட்டில், பிறகு அதை மைக்கில் வாசித்து ஏற்றுவது. படியெடுக்கிற வேலை மிச்சம், அதோடு வாய் தடுக்குகிற இடமெல்லாம் மோசமான வாக்கியம் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. வாசிக்க வேண்டுமென்றால் தனி அறை வேண்டும், அவள் பக்கத்தில் இருந்தால் "யார்ட்ட பேசுற?" என்று போனைப் பிடுங்குவாள்.

ஆனி, ஆடியில் எதுவும் சரியாக நடக்காது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் நேராக ஊருக்குள் வரும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன், எங்களுக்கு மூன்று நாளாகியும் காயாத துணியும் மூக்கு ஒழுகுகிற பிள்ளையும். அந்த இரண்டு மாதத்தில் எழுத வேண்டும் என்று திட்டம் போடுவதையே நிறுத்திவிட்டேன்.

புனலூர் ரயிலைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாவேன். செங்கோட்டையிலிருந்து 49 கிலோமீட்டர்தான், ஆனால் மலைப்பாதை என்பதால் ரயில் நிதானமாகத்தான் போகும். 1904-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதையை 2010-இல் நிறுத்தி, 2018-இல்தான் அகலப் பாதையில் முழுதாக ரயில் விட்டார்கள். நடுவில் எட்டு வருடம் பஸ்தான். அந்த வளைவுகளில் பென்சில் ஓடாது, வாந்திதான் வரும். ரயிலில் பகவதிபுரம் தாண்டுவதற்குள் அவள் மடியில் தூங்கிவிடுவாள். குகைக்குள் நெட் போய்விடும், நெட் போனால் என் போனில் மைக்கும் வேலை செய்யாது. இருட்டில் நோட்டும் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கலாம். நாவலின் மூன்றாம் அத்தியாயம் எப்படி முடியும் என்பது அப்படிச் சும்மா இருந்த ஒரு குகைக்குள்தான் பிடிபட்டது. பதிமூணு கண்ணறைப் பாலம் வருவதற்குள் ஆறு வரி எழுதிவிட்டேன்.

என் கணவர் செய்கிற உதவியையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்ததும் மகளை பைக்கில் முன்னால் உட்காரவைத்துப் புளியரை வயல்வரை ஒரு சுற்று போய் வருவார். இருபத்தைந்து நிமிடம், மழை இல்லாத நாளில் தப்பாது. 'நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்கிறேன்' என்று அவர் முதலில் சொன்னபோது எனக்கு ஒரு வரியும் நகரவில்லை. ஏழு மணி என்று முடிவானபின் ஆறரைக்கே தலைக்குள் வாக்கியம் வந்து நிற்க ஆரம்பித்தது.

பால்வாடிதான் எதிர்பாராத ஏமாற்றம். இரண்டே முக்கால் வயதில் சேர்த்தோம். பத்து மணிக்கு விட்டு, சாப்பிட்டதும் பன்னிரண்டரைக்குக் கூட்டி வருகிறேன். இரண்டரை மணி நேரம், முழுசாக, என்னுடையது. முதல் மாதம் ஒரு வரியும் எழுதவில்லை. வீட்டின் அமைதியில் பயமாக இருந்தது, பீரோ துடைத்தேன், பருப்பு டப்பாக்களைக் கழுவினேன். கால் விரலில் கயிறு இல்லாமல் கை நகர மறுத்தது என்றால் சிரிப்பீர்கள். இப்போது அந்த நேரத்தைத் திருத்துவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். லேப்டாப் அலமாரியை விட்டு வெளியே வந்துவிட்டது, இரண்டு கையும் மாறி மாறி ஓடுகிறது. புதிதாக எழுதுவது இன்னமும் அடுப்படியிலும் ரயிலிலும்தான்.

தோழிக்குச் சொன்னது: லேப்டாப் பை வாங்க வைத்திருக்கும் பணத்தில் அரை டஜன் நோட்டு வாங்கு, பாக்கெட் வைத்த நைட்டி நாலு வாங்கு. புருஷனோடு மணியைப் பேசி முடிவு செய், அதைப் பிரசவத்துக்கு முன்னாலேயே செய்.

எங்கள் வீட்டில் தொட்டிலைக் கழற்றி ஒன்றரை வருடமாகிறது. கொக்கி உத்தரத்தில் அப்படியே இருக்கிறது. இப்போதைய நோட்டில் அவள் ஏற்கெனவே ஏழு பக்கம் எழுதிவிட்டதால், ஒரு பையில் போட்டு அந்தக் கொக்கியில்தான் மாட்டுகிறேன். அவள் கைக்கு எட்டாத ஒரே இடம் அது. எனக்கும் எட்டவில்லை, முக்காலி போட்டு ஏற வேண்டியிருக்கிறது. போன வாரம் அந்த முக்காலியைத் தள்ளிக்கொண்டு போக அவளும் கற்றுக்கொண்டாள்.