கேம் டிஸ்க்குக்கு பேக்கப் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் கொடுப்பதற்கு முன்

பழைய கன்சோல் கேம் டிஸ்க்குகளை வாங்கிக்கொண்டு, அச்சு அசலாக பேக்கப் போட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்கள் இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். அப்படி ஒரு இடத்தில் என் டிஸ்க்குகளைக் கொடுத்து ஏமாற்றப்பட்டேன். போன பணத்தைவிட எனக்கு ஆத்திரம் வேறொன்றில்தான். ஒரிஜினல் கெட்டுப்போனாலும் நகல் இருக்கிறது என்ற தைரியத்தைக் கொடுத்துவிட்டு, உண்மையில் எதையுமே கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். யாருக்கும் இது நடக்கக் கூடாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அவர்கள் சொன்னது இது: ஒவ்வொரு டிஸ்க்கையும் பிட் விடாமல் படிப்போம், தங்க அடுக்கு உள்ள, நீண்ட காலம் தாங்கும் ஆர்க்கைவல் பிளாங்க் டிஸ்க்கில் 1எக்ஸ் வேகத்தில், அதாவது மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில் ரைட் செய்வோம், சரிபார்த்த பிறகுதான் கையில் கொடுப்போம். இதில் ஒன்றுகூட உண்மை இல்லை.

குட்டு வெளிப்பட்டது ஒரு மெமரி கார்டால். என் முதல் பிளேஸ்டேஷனில் மாட்சிப் என்ற கூடுதல் சிப் பொருத்தியிருக்கிறது, அதனால் நகல் டிஸ்க் ஓடும். நகலைப் போட்டேன், கேம் தொடங்கியது. அண்ணன் பல வருஷத்துக்கு முன்னால் விளையாடிச் சேமித்து வைத்திருந்த சேவ் ஃபைலை லோடு செய்யப் போனால், கார்டில் சேவே இல்லை என்கிறது. ஒரிஜினலைப் போட்டால் அதே கார்டிலிருந்து அதே சேவ் ஒழுங்காக வருகிறது. கார்டில் கோளாறு இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

இரண்டு டிஸ்க்குகளையும் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்தேன். பிளேஸ்டேஷன் டிஸ்க்கில் சிஸ்டம் டாட் சிஎன்எஃப் என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். கேமை எந்த ஃபைலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஃபைலின் பெயர்தான் கேமின் வரிசை எண்ணும். என் ஒரிஜினலில் அது எஸ்எல்இஎஸ் என்று தொடங்குகிறது, அதாவது ஐரோப்பியப் பதிப்பு. நகலில் எஸ்எல்யூஎஸ், அமெரிக்கப் பதிப்பு. மெமரி கார்டு சேவின் பெயரிலேயே இந்த எண் பதிந்திருப்பதால் ஒரு பதிப்பின் சேவ் ஃபைலை இன்னொரு பதிப்பு கண்டுகொள்ளாது. என் டிஸ்க்கைப் படித்துப் போட்ட நகலில் வேறு நாட்டுப் பதிப்பு வர வாய்ப்பே கிடையாது. என் டிஸ்க்கை அவர்கள் டிரைவில் போடவே இல்லை. எங்கிருந்தோ டவுன்லோடு செய்த இமேஜை (ஒரு டிஸ்க்கில் உள்ளதை ஃபைலாக எடுத்து வைத்தது) ரைட் செய்து, என் பெயரை எழுதி உறையில் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

ட்ரீம்காஸ்ட் நகலில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. டிஸ்க்கைப் போட்டதும், கேமுக்கு முன்னால், ஏதோ ஒரு திருட்டு வெளியீட்டுக் குழுவின் பெயர் வண்ண எழுத்துகளில் திரையில் ஓடியது. ட்ரீம்காஸ்ட் கேம்கள் வந்தது ஜிடி-ராமில், கொள்ளளவு ஏறக்குறைய 1 ஜிபி. அதன் அடர்த்தியான பகுதியைச் சாதாரண கம்ப்யூட்டர் டிரைவ் படிக்காது. கன்சோலையே வைத்து, அதற்கான இணைப்புக் கருவியோடு படித்தெடுப்பதுதான் நம்பகமான வழி. அப்படி எடுத்தாலும் 700 எம்பி சிடியில் முழுசாக அடங்காத கேம்கள் இருக்கின்றன. அந்தக் காலத்துக் குழுக்கள் வீடியோவையும் இசையையும் தரம் குறைத்து, சில சமயம் வெட்டியே எறிந்து, சிடிக்குள் திணித்தார்கள். எனக்குக் கிடைத்த நகலும் அந்த ரகம்தான். தொடக்க வீடியோவில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து தெரிகின்றன.

அடுத்தது ரிட்ஜ் ரேசர். இந்தக் கேமின் பாட்டெல்லாம் டிஸ்க்கில் சாதாரண ஆடியோ சிடி டிராக்குகளாகவே இருக்கும். கேம் முழுக்க மெமரியில் ஏறிவிடுவதால், நடுவில் டிஸ்க்கை எடுத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த ஆடியோ சிடியைப் போட்டுக்கொண்டுகூட ஓட்டலாம். நகலைப் போட்டு ரேஸ் தொடங்கினால் எஞ்சின் உறுமுகிறது, டயர் கிறீச்சிடுகிறது, பாட்டு மட்டும் இல்லை. கம்ப்யூட்டரில் பார்த்தால் நகலில் ஒரே ஒரு டிராக். கைக்குக் கிடைத்தது ஐஎஸ்ஓ ஃபைல், அதை அப்படியே ரைட் செய்துவிட்டார்கள்.

இந்த ஐஎஸ்ஓ விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். சிடியில் தகவல் செக்டார் என்ற சின்னத் துண்டுகளாகப் பதிந்திருக்கும், ஒவ்வொரு செக்டாரும் 2352 பைட். ஐஎஸ்ஓ அதில் 2048 பைட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும், அதுவும் டேட்டா டிராக்கிலிருந்து மட்டும். ஆடியோ டிராக்குகள் அதில் வரவே வராது. பிளேஸ்டேஷன் கேம்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீடியோவோடு வரும் ஒலியும் பேச்சும் பெரும்பாலும் வேறு வகை செக்டாரில் இருக்கும், ஒரு செக்டாருக்கு 2324 பைட் வரை. அதை 2048 ஆக நறுக்கினால் கேம் தொடங்கும், மெனு வரும், விளையாடவும் முடியும். முதல் வீடியோ வரும் இடத்தில் நின்றுவிடும். என் டிஸ்க்குகளில் ஒன்று அப்படித்தான் நிற்கிறது. பின் (bin), க்யூ (cue) என்ற ஜோடி ஃபைல்களாக எடுத்தால் 2352 பைட்டும் வரும், எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பும் வரும். சிடியில் வந்த கன்சோல் கேமுக்கு பேக்கப் என்றால் குறைந்தபட்சம் அதுதான். டிவிடியில் வந்த பிளேஸ்டேஷன் 2 கேமுக்கு ஐஎஸ்ஓ போதும், அதில் குறை இல்லை.

பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கிலும் கைவரிசையைக் காட்டியிருக்கிறார்கள். ஒரிஜினல் 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடி. நகல் 4.7 ஜிபி ஒற்றை அடுக்கு. மிச்சம் எங்கே என்று பார்த்தால், கதைக் காட்சிகளின் வீடியோ ஃபைல்களை எடுத்துவிட்டு அதே பெயரில் வெற்று ஃபைல்களை வைத்திருக்கிறார்கள்.

இனி அந்த தங்க டிஸ்க். மேல் பக்கம் தங்க நிறத்தில் அச்சடித்திருந்தது, அவ்வளவுதான். பிரதிபலிக்கும் அடுக்கு தங்கமாக இருந்தால் அடிப்பக்கத்திலிருந்து பார்த்தாலே பொன்னிறம் தெரியும். இதில் வெள்ளியின் நிறம்தான் தெரிந்தது. ஒவ்வொரு சிடி-ஆர் டிஸ்க்கிலும் ஏடிஐபி என்ற தகவல் தொழிற்சாலையிலேயே பதிந்திருக்கும், அதில் தயாரிப்பாளருக்கான குறியீடு இருக்கும். 97:24:01 என்று வந்தால் தையோ யூடன், தரத்துக்குப் பெயர்போன ஜப்பானிய நிறுவனம். உறையில் இருந்த பெயருக்கும் என் டிஸ்க்குகள் காட்டிய குறியீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. குறியீட்டை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடவும் கூடாது. தையோ யூடன் டிவிடியின் டிஒய்ஜி02 குறியீட்டைப் போட்டுப் போலி டிஸ்க்குகள் சந்தையில் உலாவியது டிஸ்க் சேகரிப்பவர்களுக்குத் தெரிந்த கதை. அந்த நிறுவனம் 2015இல் இந்தத் தொழிலை விட்டே போய்விட்டது. புதிதாகத் தயாரித்த தையோ யூடன் டிஸ்க் என்று இன்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பிழை ஸ்கேன் செய்ய வசதியுள்ள டிரைவ் என்னிடம் இருந்ததால் அதையும் பார்த்தேன். நல்ல சிடி நகலில் சி1 எனப்படும், டிரைவ் எளிதாகத் திருத்திக்கொள்ளும் சிறு பிழைகள் கொஞ்சம் இருக்கும், அது இயல்பு. அதைவிடக் கடுமையான சி2 பிழைகள் பூஜ்யமாக இருக்க வேண்டும். இவர்கள் கொடுத்ததில் டிஸ்க்கின் வெளி ஓரத்தை நெருங்க நெருங்க சி2 ஏறிக்கொண்டே போகிறது. உச்ச வேகத்தில் ரைட் செய்யும்போது அந்த வேகத்தை டிரைவ் எட்டுவது வெளி ஓரத்தில்தான், மட்டமான டிஸ்க் அங்கேதான் தடுமாறும். 1எக்ஸில் ரைட் செய்தோம் என்ற பேச்சே நம்பும்படி இல்லை. இன்றைய டிரைவ்கள் பலவற்றில் அந்த வேகமே கிடையாது. அப்படியே இருந்தாலும், 52எக்ஸுக்கு என்று செய்த பிளாங்க் டிஸ்க்கை 1எக்ஸில் ரைட் செய்வது நல்லதும் அல்ல, தகவல் பதியும் அதன் சாயம் அந்த வேகத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டதில்லை. என் அனுபவத்தில் சிடிக்கு 16எக்ஸ், டிவிடிக்கு 4எக்ஸிலிருந்து 8எக்ஸ் வரை நல்ல முடிவு வருகிறது.

இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினேன். வந்த பதில்: “கேம் ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன?” பதிப்பு வேறாக இருக்கிறதே என்றதற்கு, “எல்லா பதிப்பும் ஒண்ணுதான் சார், மொழி மட்டும்தான் மாறும்” என்றார்கள். இமேஜ் ஃபைல்களையாவது கொடுங்கள் என்றேன். அழித்துவிட்டோம் என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு பதிலே இல்லை.

நானே உட்கார்ந்து எடுக்கத் தொடங்கிய பிறகு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ரைட் செய்வது இரண்டாவது வேலை, படித்தெடுப்பதுதான் முதல் வேலை. சரியான இமேஜ் கையில் இருந்தால் நகல் டிஸ்க் நாளைக்கே கெட்டாலும் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். இமேஜ் சரியா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ஃபைலின் கைரேகை போன்ற எம்டி5 அல்லது எஸ்எச்ஏ-1 மதிப்பைக் கணக்கிட்டு, கேம் டிஸ்க் விவரங்களைத் தொகுக்கும் ரீடம்ப் தரவுத்தளத்தில் அதே பதிப்புக்குப் பதிவாகியிருக்கும் மதிப்போடு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்தினால் அதற்கு மேல் யாரிடமும் சான்றிதழ் கேட்கத் தேவையில்லை. ஐரோப்பிய பிளேஸ்டேஷன் கேம்கள் சிலவற்றில் லிப்கிரிப்ட் என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பு உண்டு, அதன் சாவி சப்சேனல் என்ற, வழக்கமான தகவலோடு சேராத பகுதியில் இருக்கும். அதையும் சேர்த்து எடுக்காவிட்டால் கேம் பாதியில் மக்கர் செய்யும்.

ரைட் செய்யும்போது, டிஸ்க் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறைதான் வேண்டும். டிராக்-அட்-ஒன்ஸில் ஒவ்வொரு டிராக்குக்கும் நடுவே லேசர் நின்று தொடங்கும், வழக்கமாக 2 நொடி இடைவெளி விழும். ஒரே டேட்டா டிராக் உள்ள கேமில் இது தெரியாமலே போகலாம். என் சேகா மெகா சிடி கேம் நகலில், இடைவெளியில்லாமல் தொடர வேண்டிய இசை ஒவ்வொரு டிராக் மாறும் இடத்திலும் அறுந்து நிற்கிறது. அழித்து மீண்டும் எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ பக்கமே போகாதீர்கள். அதன் பிரதிபலிப்பு 20 சதவீதம் சுற்றித்தான், தேய்ந்துபோன பழைய லேசர் அதைப் படிக்கத் திணறும். காகித லேபிள் ஒட்டித் தந்தாலும் வாங்காதீர்கள், சுற்றும்போது சமநிலை கெடும்.

எந்த மாற்றமும் செய்யாத முதல் பிளேஸ்டேஷனிலும் எங்கள் நகலைப் போட்டதும் ஓடும் என்று சொன்னால் அதுவும் பொய். கன்சோல் எதிர்பார்க்கும் உரிமக் குறி ஒரிஜினல் டிஸ்க்கின் தடத்தில் நெளிவாகப் பொறிக்கப்பட்டது. பிளாங்க் சிடியின் தடத்தில் அதற்கே உரிய வேறு நெளிவு முன்பே இருக்கிறது, எந்த ரைட்டராலும் அதை மாற்ற முடியாது. சொந்த டிஸ்க்குக்கு நகல் எடுப்பதில் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது, அதை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் இமேஜ் ஃபைல்களையும் எஸ்எச்ஏ-1 மதிப்புகளையும் டிஸ்க்கோடு தருவார்களா என்று கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவருக்கு இது சிரமமே இல்லை. ட்ரீம்காஸ்ட் டிஸ்க்கை எதில் படிப்பீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் டிரைவில் என்று பதில் வந்தால் டிஸ்க்கைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே நகல் வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றே வரிசை எண்ணை ஒரிஜினலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரிஜினல்களை அவர்களிடமே விட்டுவிட்டால் கட்டணத்தில் தள்ளுபடி என்று என்னிடம் கேட்டார்கள், நான் சம்மதிக்கவில்லை. உங்களிடமும் கேட்பார்கள். வேறு பதிப்பு, வெட்டிய வீடியோ, பாட்டில்லாத சிடி, இவற்றைக் கொடுத்துவிட்டு அவர்கள் வாங்கப் பார்ப்பது உங்களிடம் இருக்கும் ஒரே உண்மையான பிரதியை. என் டிஸ்க்குகளில் ஒன்று அங்கிருந்து அடிப்பக்கத்தில் வட்டக் கீறலோடு திரும்பி வந்திருக்கிறது. அதை இன்னும் முழுசாகப் படித்தெடுக்க முடியவில்லை.